பாத்ஸ் ஆஃப் குளோரி: கையில் ஏழு கார்டு, மேசையில் ஐரோப்பா

டானன்பர்க் போரைப் பற்றி மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்றிலும் ரஷ்யத் தளபதி சாம்சனோவ்தான் குற்றவாளி. 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போரின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவுக்குள் படையை நடத்திப்போய், சூழப்பட்டு, 90,000 பேருக்கு மேல் ஜெர்மானியரிடம் கைதியாகிவிட, காட்டுக்குள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தவர். பின்வாங்க வேண்டிய நேரத்தில் பின்வாங்கத் தெரியாதவர் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். நான்காம் முறை அப்படி எழுத மாட்டேன். காரணம், இந்த விளையாட்டு.

'பாத்ஸ் ஆஃப் குளோரி' முதல் உலகப் போரை இருவர் ஆடும் பலகை விளையாட்டு. ஜிஎம்டி கேம்ஸ் 1999இல் வெளியிட்டது. வடிவமைத்தவர் டெட் ரைசர். அவர் ராணுவ வரலாறு எழுதுபவரும்கூட. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு மரபு உண்டு: ஒரு போரைப் பற்றிய நீண்ட கட்டுரையும், அதே போரை ஆடிப்பார்க்கும் வரைபடமும் காய்களும் ஒரே இதழுக்குள் வரும். 'ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்' போன்ற பத்திரிகைகள் வளர்த்த மரபு அது. எழுதுகிறவனும் விளையாட்டு அமைக்கிறவனும் அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள். பல நேரம் ஒரே ஆள். நம் மொழியில் அப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

ஆட்டத்தின் உயிர் கார்டுகளில் இருக்கிறது. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா இருக்கும் நேச நாடுகளுக்கு 55, ஜெர்மனியின் அணியான மைய நாடுகளுக்கு 55. ஒவ்வொரு சுற்றிலும் கையில் ஏழு. அதில் ஆறு நகர்வு. ஒரு கார்டை நான்கு வழியில் பயன்படுத்தலாம்: படைகளை நகர்த்தித் தாக்கலாம், தொலைவில் இருக்கும் படையை ரயிலேற்றி வேறு முனைக்கு அனுப்பலாம், இழந்த ஆட்களுக்குப் புது ஆள் சேர்க்கலாம், அல்லது அதில் அச்சிட்டிருக்கும் வரலாற்று நிகழ்வை நடத்தலாம். நான்கில் ஒன்றுதான். மற்ற மூன்றும் அந்த நேரத்துக்குக் கைவிட்டுப் போகும். நல்ல நிகழ்வு உள்ள கார்டே பெரும்பாலும் படை நடத்தவும் பலமான கார்டாக இருக்கும். அங்கேதான் வயிற்றைப் பிசையும்.

என் அக்கா மகன் மைய நாடுகள். நான் நேச நாடுகள். 'கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்' கார்டை முதல் நகர்விலேயே இறக்கி பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டையைத் தகர்த்தான். அதற்குப் பிறகு என் கண் பாரீஸை விட்டு அகலவில்லை. வந்த கார்டையெல்லாம் பிரெஞ்சுக்காரர்களுக்கே கொட்டினேன். போலந்தில் என் இரண்டு ரஷ்யச் சேனைகள் முன்னே நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். அடுத்த கார்டில் பின்னுக்கு இழுக்கலாம், அதற்கடுத்த கார்டில் இழுக்கலாம் என்றே ஒத்திப்போட்டேன். அவன் ஒரு சின்னப் படையை அவற்றின் முதுகுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். சுற்று முடிந்தது, சரக்கு வரும் வழி அடைபட்டிருந்தது. சண்டையில் அழிந்த சேனையை ஆள் சேர்த்து மறுபடி எழுப்பலாம். சரக்கு வழி அறுந்து அழிந்த சேனை ஆட்டத்தை விட்டே போய்விடும். இரண்டு காய்களையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

"ஏன் மாமா, முன்னாடியே திரும்பி வந்திருக்கலாமே?" என்றான்.

"பிரான்ஸ்ல நீ எங்கடா என்னை விட்ட?" என்றேன்.

சொல்லி முடித்ததும் சாம்சனோவ் நினைவுக்கு வந்தார். பிரான்ஸின் மேல் விழுந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான், ஆயத்தம் முடியுமுன்னே ரஷ்யா பிரஷ்யாவுக்குள் படையை அனுப்பியது. இதை நானே என் கட்டுரையில் ஒரு வரியில் எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர, அதன் கனம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மேற்கில் ஒரு கார்டு போனால் கிழக்கில் ஒரு கார்டு இல்லை என்று கை உணர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ரைசரின் வரலாற்றறிவு எனக்குப் பளிச்சென்று புலப்பட்ட இடம் 'சினாய் பைப்லைன்' என்ற கார்டு. அதை இறக்காதவரை பிரிட்டிஷ் படை எகிப்தின் சினாய் பாலைவனத்தைக் கடந்து தாக்கினால் பகடையில் பெரிய அடி வாங்கும். உண்மையிலும் அப்படித்தான்: பாலைவனத்தின் குறுக்கே ரயில் பாதையும் தண்ணீர்க் குழாயும் போட்டுக்கொண்டுதான் அந்தப் படை பாலஸ்தீனத்தை நெருங்கியது. 1918 செப்டம்பர் 23இல் ஜோத்பூர், மைசூர் குதிரைப்படைகள் ஹைஃபாவைப் பிடித்ததை நாம் பெருமையோடு எழுதுகிறோம். அந்தக் குதிரைகளுக்கு முன்னால் போன தண்ணீரை யாரும் எழுதுவதில்லை. இவர் அதற்கு ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்.

குறை என்றால் கடல். எம்டன் வந்து மெட்ராஸில் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த கதை கேட்டு வளர்ந்தவனுக்கு, இதில் கப்பலே இல்லை என்பது ஏமாற்றம்தான். ஜெர்மனிக்கு எதிராக பிரிட்டன் நடத்திய கடல் முற்றுகை முழுவதும் 'பிளாக்கேட்' என்ற ஒரே கார்டு. இறக்கிவிட்டால் ஒவ்வொரு குளிர்காலமும் எதிரியின் கணக்கில் ஒரு புள்ளி கழியும். ஜெர்மன் வீடுகளில் அடுப்பெரியாத குளிர்காலங்கள் இதைவிட அதிக இடம் கேட்பவை.

விதிப்புத்தகத்தை இரண்டு முறை படிக்காமல் உட்காராதீர்கள். எங்களுக்கு முழு ஆட்டம் மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இடையில் யாரும் தொடாத மேசை வேண்டும். குறுகிய ஆட்டத்துக்கான ஏற்பாடும் புத்தகத்திலேயே இருக்கிறது, முதல் முறைக்கு அதையே எடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்ததில் சுங்கம், அஞ்சல் எல்லாம் சேர்த்து எனக்கு ₹12,000 தாண்டியது. சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. ஆனால் போர் வரலாறு எழுதுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தாவது ஒரு பெட்டி வாங்கி வையுங்கள்.

டானன்பர்க் கட்டுரையைத் திருத்த எடுத்திருக்கிறேன். வரும் ஞாயிறு ரஷ்யாவை அக்கா மகன் ஆடுகிறான்.