வயலில் நிற்கும் பெட்டி: அச்சு, ஜங்ஷன் பாக்ஸ், குழாய்

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுகிறவர்கள், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து வைப்பதுண்டு. அதனுள் நீர் மண்பரப்புக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். மன்னார்குடிப் பக்கம், கொல்லையை ஒட்டிய எங்கள் வயலில் அந்த மட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்க வைஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையில் ஒரு கருவி செய்தேன். சர்க்யூட் இரண்டே நாளில் ஓடியது. அதை வைக்கும் பெட்டிக்குத்தான் ஒரு வருடம் பிடித்தது.

முப்பரிமாண அச்சில் எடுத்த பெட்டிதான் பார்க்க அழகு. பலகையைத் தாங்கும் கால்கள், யூஎஸ்பி வாய் எல்லாம் நாம் வரைந்த இடத்தில் வந்துவிடும். ஆனால் அச்சுக்கு வழக்கமாகப் போடும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு வந்துவிடுகிறது. என் மூடி கோணிப்போனது. பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் 80 டிகிரி வரை தாங்கும் என்றாலும் அடுக்குகளுக்கு இடையே நீர் கசியலாம். அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் முழுவதையும் மறுபடி அச்சிட வேண்டும்.

எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் ஐபி65 ஜங்ஷன் பாக்ஸ் ஐப்பசி அடைமழைக்கு அசையவில்லை. அந்த எண்ணில் 6 தூசிக்கு, 5 பீய்ச்சி அடிக்கும் நீருக்கு. நாம் ஒரு துளை போட்டதும் அந்த உத்தரவாதம் போய்விடும் என்பதால், துளையை அடிப்பக்கத்தில் போட்டு, ஒயரை இறுக்கிப் பிடித்து இடைவெளியை அடைக்கும் கேபிள் கிளாண்ட் மாட்ட வேண்டும். 3 முதல் 6.5 மி.மீ. ஒயருக்கு பிஜி7 என்ற அளவு கிளாண்ட் பொருந்தும். கிளாண்ட் தளர்ந்தால் எறும்பு குடியேறும். இவ்வளவு செய்தும் மார்கழியில் தோற்றேன். உள்ளே அடைபட்ட ஈரக்காற்று இரவுக் குளிரில் வியர்த்து பலகையின் உலோகக் கம்பிக் கால்களில் பச்சை பூத்திருந்தது. நம் பக்கத்தில் பெட்டிக்கு மழையைவிடப் பனிதான் பெரிய பகை.

இரும்புப் பெட்டி வைஃபையை அடைத்துவிடும். பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் பசை ஒட்டாது. தஞ்சாவூர் வீணைக்கு ஆகும் பலாப் பலகை, வீட்டுக்குள் வைக்கும் கடிகாரத்துக்கு அருமை, வயலுக்கு ஆகாது.

கடைசியில் போர்வெல் வேலையில் மிஞ்சிய 110 மி.மீ. பிவிசி குழாய்தான் கைகொடுத்தது. ஓரடித் துண்டு, மேலே மூடி, கீழே திறந்த வாய், அதில் கொசுவலை. மணி போல ஒரு முளையில் கவிழ்த்து, எறும்பு ஏறாமல் முளையில் கிரீஸ் தடவிவிட்டேன். நீர் மேலேறி வர வழியில்லை, உள்ளே பிறக்கும் ஈரமும் தங்குவதில்லை. பலகையைத் தாங்க மட்டும் பிஇடிஜி தட்டு ஒன்றை அச்சிட்டு உள்ளே திருகியிருக்கிறேன். அச்சு தன் திறமையைக் காட்ட வேண்டிய இடம் அதுதான். சென்சார் தனியே வயல் குழாயில் இருக்கிறது.

மூடியைப் பிவிசி பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். பக்கவாட்டில் ஒரு துருப்பிடிக்காத திருகு போதும். பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் திறந்தாக வேண்டும்.