பலகை பரவாயில்லை, இடுக்குதான் உயிரை வாங்குகிறது

போன மாதம் எங்கள் டெக்கில், அதாவது வீட்டை ஒட்டிய பலகை மேடையில், ஒரு பலகையைக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. அதைக் கேள்விப்பட்ட நண்பர், தானும் வீட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு டெக் போட்டுக் காய்கறி வளர்க்கப் போவதாகச் சொல்லி, மரமா டபிள்யூபிசியா (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை) என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டார். சொல்லலாம். ஆனால் அன்று காலை எந்தப் பாதியைச் சுத்தம் செய்தேன் என்பதைப் பொறுத்து அந்த வார்த்தை மாறும். எங்கள் டெக்கில் பாதி, உளுக்காமல் இருக்க மருந்தேற்றிப் பதப்படுத்திய பைன் மரம், பாதி டபிள்யூபிசி. வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து, இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் இப்படி. போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. இரண்டு பாதிக்கும் ஒரே வெயில், ஒரே மழை, ஒரே மாதிரித் தொட்டிகள்.

டெக் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நடந்து, நாற்காலி போட்டு உட்காருகிற டெக்கைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். தொட்டி வைக்கிற டெக் வேறு விவகாரம். அதன் மேல் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீரோடு உரம் இறங்கும், கோகோபீட் என்கிற தேங்காய் நார்த் துகள் இறங்கும், காய்ந்த இலை, மண்புழு உரம், பூச்சிக்கு அடித்த வேப்பெண்ணெய்க் கரைசல் எல்லாம் இறங்கும். எடையும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். பலகையின் உறுதி, நிறம், உத்தரவாதம் என்று கடையில் எவ்வளவோ பேசினார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் இப்போது அதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன் என்று வீட்டில் புகார்.

வழக்கமாக 5 மில்லிமீட்டர் அளவுக்கு இடுக்கு விடுவார்கள். தண்ணீர் இறங்கவும் காற்று போகவும் அது வேண்டும். ஆனால் அந்த 5 மில்லிமீட்டர், கோகோபீட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. துகள் உள்ளே விழுகிற அளவுக்கு அகலம், தரைக்குப் போய்ச் சேராத அளவுக்குக் குறுகல். டபிள்யூபிசி பாதியில் இது இன்னும் மோசம். அந்தப் பலகையின் பக்கவாட்டில், பலகையை அடிச்சட்டத்தோடு பிடித்துவைக்கும் கிளிப் உட்காருவதற்காக நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. மேலிருந்து பார்த்தால் ஒரு ஸ்க்ரூ தலைகூடத் தெரியாது, பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் போன கோகோபீட் வெளியே வருவதில்லை. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பதற்காகத்தானே அதைத் தொட்டியில் போடுகிறோம்? அதே வேலையை அது இடுக்கிலும் உண்மையாகச் செய்கிறது. மேலே பலகை காய்ந்து பளிச்சென்று இருக்கும், இடுக்குக்குள் விரல் நுனியை விட்டால் சில்லென்று சேறு.

சேறு இருந்தால் விதை முளைக்கும். கீழே விழுந்து நசுங்கிய தக்காளியின் விதைகள் வரிசை கட்டி இடுக்கிலிருந்து எழுந்திருக்கின்றன. தொட்டியில் விதைத்தபோது இவ்வளவு நெருக்கமாக முளைக்கவில்லை என்பது வேறு. அப்புறம் எறும்பு. எறும்பு குடியேறினால் அவரைக் கொடியில் அசுவினி பெருகும், ஏனென்றால் அசுவினி விடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். கொடியில் எவ்வளவு கரைசல் அடித்தாலும், புற்று பலகைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. க்ரோ பேக்கின், அதாவது செடி வளர்க்கும் பையின், அடித்துளை வழியாக வேர் இறங்கி இடுக்குக்குள் புகுந்துகொள்வதும் உண்டு. நன்றாகக் காய்க்கிற செடியை வெயிலுக்காக ஓர் அடி நகர்த்துவோம், அடியில் சட்டென்று ஒரு சத்தம், மறுநாள் செடி தலை தொங்கிவிடும். புதினாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தொட்டியிலிருந்து இறங்கி, பலகைக்கு அடியில் ஓடி, இரண்டு இடுக்கு தள்ளி எட்டிப் பார்த்தது.

பைன் பாதியில் இடுக்கு நிலையாக நிற்பதே இல்லை. மரம் ஈரத்தில் அகலவாக்கில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். டபிள்யூபிசி ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது, சூட்டுக்கு நீளவாக்கில் நீளும். அதனால் மரப் பாதியில் வெயில் காலத்தில் இடுக்கு அகலமாகி மண்ணை வாங்கிக்கொள்கிறது. மழை பிடித்ததும் பலகைகள் ஊதி அந்த மண்ணை இறுக்கிப் பிடிக்கின்றன. நகர இடமில்லாமல் பலகை ஓரத்தைத் தூக்கிக்கொள்கிறது, கால் கட்டைவிரல் அதில்தான் போய் இடிக்கிறது. மழைக்கு முன்னால் ஒருமுறை முழுவதும் தோண்டி எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தோண்டுவதற்குப் பழைய ஹேக்ஸா பிளேடை விட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பல் இருக்கும் பக்கத்தை மேலே பார்க்க வைத்து இழுத்தால் சேறு நாடாவாக வரும். பிரஷர் வாஷரை யாராவது சிபாரிசு செய்தால் பைனில் மட்டும் வேண்டாம். மரத்தின் மென்மையான பகுதியை அரித்து, நார் நாராக எழுப்பிவிடும். அப்புறம் சிலாம்பு குத்துகிறது என்று புலம்ப வேண்டும்.

டபிள்யூபிசி விளம்பரத்தில் 'பராமரிப்பே தேவையில்லை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எண்ணெய் பூச வேண்டாம், பாலிஷ் வேண்டாம், அதெல்லாம் உண்மை. இத்தனை வருடத்தில் அந்தப் பாதிக்கு ஒரு தூரிகை போட்டதில்லை. பைனோ வருடாவருடம் எண்ணெய் கேட்கும், கொடுக்காவிட்டால் வெயிலில் மரத்தின் நாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் சிதைந்து சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் நிறம் எனக்குப் பிடிக்கும் என்பதால் விட்டுவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் இந்தக் கணக்கில் டபிள்யூபிசிக்குத்தான் மதிப்பெண். ஆனால் மண்டியிட்டுப் பள்ளத்துக்குள் பிளேடை விட்டுத் துழாவும்போது நியாயம் பேசத் தோன்றுவதில்லை. இடுக்கைத் தோண்டுவது பராமரிப்பில் சேராது போலிருக்கிறது.

கறை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்கு அடியில் ரப்பர் பாய் போடலாம் என்று யோசித்தால், டபிள்யூபிசியில் வேண்டாம். ரப்பரில் இருக்கும் ரசாயனம் பலகையின் நிறத்தையே மாற்றிவிடும், தேய்த்தால் போகாது. தயாரிப்பாளர்களே எச்சரிக்கிற விஷயம் இது. இரும்புச் சத்து உரம் சொட்டினால் தேக்கு, ஓக் மாதிரி டானின் என்கிற துவர்ப்புப் பொருள் நிறைந்த மரங்களில் நீலக் கறுப்பாகப் படியும். அதற்கு ஆக்ஸாலிக் அமிலம் கேட்கும், ஆனால் அது விஷம், கழுவிய தண்ணீர் செடிப் பக்கம் போகக் கூடாது.

சூடு பற்றி எனக்கு இரண்டு மனது. எங்கள் டபிள்யூபிசி அடர்ந்த காப்பி நிறம். உச்சி வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பக்கத்திலேயே இருக்கும் பைனில் ஓரளவு நிற்கலாம். 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தக்காளி எப்படியும் பூவை உதிர்க்கும், அந்தப் பழியை டெக்கின் மேல் போட முடியாது. ஆனால் மாலையில் தண்ணீர் ஊற்றப் போகும்போதும் க்ரோ பேக்கின் அடி கதகதப்பாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. தக்காளியை எல்லாம் பைன் பக்கம் மாற்றினேன்.

அப்புறம் குளிர்ந்த மாதங்கள் வந்தன, அதே சூடு வேறு முகம் காட்டியது. மிளகாய் விதை நன்றாக முளைக்க மண்ணில் 25 முதல் 30 டிகிரி வரை வேண்டும், குளிரில் அது சோம்பேறி. நாற்றுத் தட்டுகளில் பாதியைப் பைன் மேலும் பாதியை டபிள்யூபிசி மேலும் வைத்திருந்தேன், இடம் இருந்த இடத்தில், வேறு காரணம் இல்லை. பைன் பக்கத் தட்டில் ஈர மண்ணைத் தவிர ஒன்றும் தெரியாத நாளில், டபிள்யூபிசி பக்கத் தட்டில் வளைந்த கழுத்தோடு வெளிர்ப்பச்சையாக நாற்றுகள் எழுந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டின் தலையில் விதைத்தோல் இன்னும் ஒட்டியிருந்தது. விரலை நனைத்து அதை ஈரப்படுத்திச் சற்றுப் பொறுத்தால் தானாகக் கழன்றுவிடும், பிய்க்கக் கூடாது. பகலில் பலகை வாங்கி வைத்த சூடுதான் தட்டின் அடி வழியே ஏறியிருக்கிறது. நாற்றுக்கென்று சூடேற்றும் மின்பாய் விற்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. அன்றிலிருந்து மிளகாய், கத்தரி நாற்று எல்லாம் குளிர் மாதங்களில் அந்தப் பாதியில்தான். அந்தப் பலகையை நான் மனதாரப் பாராட்டுவது அந்த ஒரு காலத்தில் மட்டும்.

எடை விஷயத்தில் நண்பர் கட்டாயம் கணக்குப் போட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பெட்டி கட்டி மண் நிரப்பினால் 300 லிட்டர் மண். சாதாரணத் தோட்ட மண் நனைந்தால் 400 கிலோவைத் தாண்டிவிடும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் டெக் தாங்க வேண்டிய சுமை சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 195 கிலோ. கோகோபீட் கலவையில் எடை கணிசமாகக் குறையும் என்பதால்தான் இடுக்கை நிரப்பினாலும் அதை விட முடியவில்லை. டபிள்யூபிசி, மரத்தைவிட வளைந்து கொடுக்கும். ஒரே இடத்தில் எடை நின்றால், அதுவும் சூட்டில், மெதுவாகத் தொய்ந்துவிடும். எங்கள் அடிச்சட்டங்கள் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நடக்க அது தாராளம், பெரிய தொட்டிக்குப் போதாது. சட்டத்துக்கு நேர் மேலே இல்லாமல் நடுவில் நின்ற தொட்டிக்குக் கீழே பலகை லேசாகக் குழிந்து, தண்ணீர் தேங்குகிறது.

மாற்றிய பலகைக்கு வருகிறேன். அது பைன். பதப்படுத்திய மரத்தில் மருந்து எல்லா இடத்திலும் உள்வரை போவதில்லை. வெட்டினால் உள்ளே மருந்து ஏறாத பகுதி வெளியே தெரியும், அந்த முனைக்கு மறுபடி மருந்து தடவ வேண்டும். எங்கள் வேலையைச் செய்தவர்கள் தடவாமலே பொருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே தக்காளித் தொட்டி, இடுக்கில் ஈர மண், வெட்டு முனை அதைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றியபோது முனை கேக் மாதிரி விரலில் உதிர்ந்தது. புதுப் பலகை போட்டு, முனைக்கு மருந்து தடவி, அடிச்சட்டத்தின் மேல் தண்ணீர் புகாத ப்யூட்டைல் டேப் ஒட்டியாயிற்று. ஒரு காலைப்பொழுது வேலை. செம்பு கலந்த மருந்து என்பதால் புதுப் பலகை கொஞ்சம் பச்சையாகத் தெரிகிறது, போகப் போகச் சாம்பலாகிவிடும். ஸ்க்ரூ மட்டும் துருப்பிடிக்காத எஃகு அல்லது சூட்டில் துத்தநாகம் பூசியதாக இருக்க வேண்டும், அந்தச் செம்பு சாதா இரும்பைத் தின்றுவிடும். இன்னொன்று: பழைய பதப்படுத்திய பலகைகள் எங்காவது கிடைத்தால் அதில் காய்கறிப் பெட்டி செய்யாதீர்கள். ஆர்சனிக் கலந்த பழைய மருந்தை வீட்டு மரங்களுக்குப் பயன்படுத்துவதை அமெரிக்காவில் 2003 முடிவில்தான் நிறுத்தினார்கள்.

டபிள்யூபிசியிலும் ஒரு பலகையை மாற்றத்தான் ஆசை. மண் தொட்டியை இழுத்ததில் மேல் உறை கிழிந்து ஒரு வெள்ளைக் கோடு. மரமென்றால் உப்புத்தாளில் தேய்த்தால் தீர்ந்தது. உறை போட்ட டபிள்யூபிசியைத் தேய்த்தால் உறையே போய்விடும். விற்றவர்களிடம் கேட்டதற்கு, அந்த நிறத்தை நிறுத்திவிட்டோம், புது மாடலின் பள்ளத்தில் பழைய கிளிப் உட்காராது என்று பதில் வந்தது. சொன்ன விதத்தில் நான்தான் நிறத்தை மாற்றியது போலிருந்தது.

இதுவரை படித்தவர்கள் பைன் ஜெயித்துவிட்டது என்று நினைப்பீர்கள். சூடு குறைவு, பழுது பார்க்கலாம், தொய்வதில்லை, பள்ளமும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் நான் இதை எழுதும்போது உள்ளங்கையில் ஒரு பைன் சிலாம்பு இருக்கிறது, இன்னும் எடுக்க முடியவில்லை. ஆகவே டபிள்யூபிசி போடுங்கள். வெளிர் நிறமாக எடுங்கள், அடிச்சட்டத்தை 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள், பெரிய தொட்டிகளைச் சட்டத்துக்கு நேர் மேலே, காற்று போகிற மாதிரி கால் வைத்த தாங்கியில் நிறுத்துங்கள். புதினாவை டெக்கில் ஏற்றாதீர்கள். வாங்கும்போதே அதே நிறத்தில் கூடுதலாக இரண்டு பலகையும் ஒரு பை கிளிப்பும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.