வால் வெட்டிய கார்கள்: நான்கு மீட்டருக்குள் எது தேறும்?

இந்திய செடான்களின் பின்பக்கத்தைக் கெடுத்தது ஒரு பட்ஜெட். 2006-07 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இன்ஜின் பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசி வரைதான். தனி டிக்கி நீட்டாத ஹேட்ச்பேக்குகளுக்கு இது கொண்டாட்டம். டிக்கி வைத்த செடான்களோ பல 4.1, 4.2 மீட்டர் நீளம் இருந்தன. கம்பெனிகள் முதலில் டேப்பை எடுத்தன, அப்புறம் ரம்பத்தை எடுத்தன.

முதலில் வெட்டியது டாடா. 2008-ல் இண்டிகோவின் வாலைக் குறைத்து 'இண்டிகோ சிஎஸ்' என்று கொண்டுவந்தார்கள். மூக்கு பழையபடியே நீளம், பின்னால் மட்டும் சட்டென்று முடிந்துவிடும். தையல்காரர் துணி பற்றாமல் கையைக் குட்டையாக்கிய சட்டை மாதிரி. ஆனாலும் உள்ளே இடம் தாராளம், விலை குறைவு. அழகைப் பற்றி யாரும் பெரிதாகப் புகார் சொல்லவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

உண்மையான சர்ச்சை மாருதியின் 2012 ஸ்விஃப்ட் டிசையரில்தான். 2008-ல் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். அதுவே ஸ்விஃப்ட்டின் முதுகில் பெட்டி ஒட்டியதுபோல இருந்தது. இரண்டாவதை 3,995-க்குள் அடக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே நேரத்தில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2,390-லிருந்து 2,430 ஆகக் கூடியது. உட்காரும் இடத்தில் கை வைக்காமல், கூடவே கொஞ்சம் பெரிதாக்கியும் விட்டு, மொத்த நீளத்தில் 165 மில்லிமீட்டரைக் குறைத்தால் எது பலியாகும்? டிக்கிதான். 440 லிட்டர் இருந்தது 316 ஆனது. உயரமான கூரை, அதன் பின்னால் ஒரு முழம்கூட நீளாத டிக்கி மூடி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சுவரில் மோதி உள்ளே போன வண்டி போலத்தான் தெரியும்.

ஆனால் விற்றது. அப்படி விற்றது! மஞ்சள் போர்டிலும் சரி, வெள்ளை போர்டிலும் சரி, திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். தனி டிக்கி இருந்தால்தான் 'பெரிய கார்' என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. அது எவ்வளவு குட்டை என்பது இரண்டாம் பட்சம். மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தும்போது யாரும் பக்கவாட்டில் நின்று அளப்பதில்லையே.

இந்தக் கணக்கைத் தவறாகப் போட்டது மஹிந்திரா, அதுவும் இருமுறை. 2012-ல் குவாண்டோ. ஸைலோ என்ற நாலரை மீட்டர் வண்டியை 3,985 மில்லிமீட்டருக்கு வெட்டினார்கள். வால் மட்டுமா போனது? ஸைலோவின் நான்கு சிலிண்டருக்குப் பதில் மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டீசல். ஆனால் உயரம் ஆறடி அப்படியே நின்றது. இதுதான் கோளாறு: நீளம் குறைந்தால் கண் அகலத்தையும் உயரத்தையும்தான் பார்க்கும். குவாண்டோ நிறுத்தி வைத்த ரொட்டிப் பாக்கெட் ஆகிவிட்டது. பின்கதவில் ஸ்டெப்னி, உள்ளே பக்கவாட்டில் பார்த்து உட்காரும் இரண்டு குட்டி சீட்டுகள். அதில் பெரியவர்களை உட்கார வைப்பது பாவம். 2016-ல் முகத்தை மாற்றி 'நுவோஸ்போர்ட்' என்று பெயரும் மாற்றினார்கள். பக்கவாட்டுத் தோற்றம் எங்கே மாறும்?

இரண்டாவது, 2013-ல் வந்த வெரிட்டோ வைப். ரெனோவின் லோகன் வழி வந்த வெரிட்டோ செடானை வெட்டியது. என்னைக் கேட்டால் இந்த வரிசையிலேயே நேர்மையான வெட்டு இதுதான். டிக்கி இருப்பதுபோல நடிக்காமல், பின்னோரம் செங்குத்தாக நிற்கும் விளக்குகளோடு முடித்துக்கொண்டது. அந்த நேர்மைக்குத்தான் தண்டனை. செடான் கேட்டவருக்கு இது செடான் இல்லை. ஹேட்ச்பேக் கேட்டவருக்கு இதைவிடப் பார்வையான வண்டிகள் வரிசையாக நின்றன. டிசையரைவிட அசிங்கம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் சந்தை சொல்லிவிட்டது.

அதே 2013-ல் ஹோண்டா அமேஸ் 3,990 மில்லிமீட்டருக்குள் 400 லிட்டர் டிக்கியே வைத்துக் காட்டியது. அதற்கு அடிப்படையான பிரியோ ஹேட்ச்பேக்கே குட்டை என்பதால், வெட்ட வேண்டியிருக்கவில்லை, பின்பக்கம் நீட்டினால் போதும். பார்வைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அந்தக் காலத்து வண்டிகளில் என் ஓட்டு அமேஸுக்கு. 2017 டிசையர் வந்தபோதுதான் மாருதிக்கு வால் ஒழுங்காக அமைந்தது. கூரையைத் தாழ்த்தி, டிக்கியை 378 லிட்டராக்கி, கொஞ்சம் செடான் போலவே தெரியவைத்தார்கள்.

வரி மட்டும் இன்னும் டேப்பை விடவில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் அதே நான்கு மீட்டர், அதே சிசி. உள்ளே அடங்கினால் 18 சதவீதம், தாண்டினால் 40. 2024-ல் வந்த நான்காம் தலைமுறை டிசையரின் நீளம் என்ன தெரியுமா? அதே 3,995.