காசல்ரீயா, மவுசாக்கலையா, விக்டோரியாவா? தனிப் படகில் மலைநாட்டுத் தீவுகள்

மலைநாட்டில் படகு சவாரி என்றதும் பலரும் நேரே நுவரெலியாவுக்குப் போய் கிரகரி வாவியில் வரிசையில் நிற்கிறார்கள். கால் மணி நேரம் சுற்றிவிட்டு இறங்குகிறவர்களுக்கு அது போதும். குடும்பமாக ஒரு படகை முழுசாகப் பேசி எடுத்து, தீவு தீவாக நின்று பார்த்து வர வேண்டும் என்றால் போக வேண்டிய இடம் வேறு. என்னைக் கேட்டால் போட்டி மூன்று நீர்த்தேக்கங்களுக்கு இடையில்தான்: நோர்வூட் பக்கத்து காசல்ரீ, மஸ்கெலியாவின் மவுசாக்கலை, கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா.

எதற்குப் போவது என்று முடிவெடுக்கும் முன்னால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தீவுகள் இயற்கையாக உண்டானவை அல்ல. மின்சாரத்துக்காக ஆற்றை மறித்தபோது பள்ளத்தாக்கு மூழ்கியது. மூழ்காமல் தப்பிய குன்றுகளின் உச்சிகளைத்தான் இன்றைக்குத் தீவு என்கிறோம். அதனால் தண்ணீர் ஏறினால் சில தீவுகள் காணாமல் போகும். இறங்கினால் கரையோடு ஒட்டிக்கொள்ளும். ஜனவரியில் படகில் போய் இறங்கிய திட்டுக்கு ஏப்ரலில் நடந்தே போய்விடலாம். ஆகவே எந்த நீர்த்தேக்கம் என்று கேட்பதற்கு முன்னால், இப்போது தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள்.

மேற்கு மலைநாட்டின் இரண்டு நீர்த்தேக்கங்களும், அதாவது காசல்ரீயும் மவுசாக்கலையும், தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் செப்டெம்பர் வரை, நன்றாக நிரம்பும். வான்கதவு திறக்கும் காலமும் அதுதான். அந்த மாதங்களில் படகேறவே வேண்டாம். மழை, காற்று, பனிமூட்டம் மூன்றும் சேர்ந்து வரும். ஒக்டோபர், நவம்பர் மழை முடிந்து, டிசெம்பர் பிற்பகுதியிலிருந்து பெப்ரவரி வரைதான் நல்ல காலம். தண்ணீரும் ஓரளவு நிற்கும், காலை வெயிலும் தெளிவாக இருக்கும். மார்ச்சுக்குப் பிறகு மட்டம் இறங்கி, கரையைச் சுற்றிலும் செம்மண் பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சரி, காசல்ரீக்கு வருவோம். கெசல்கமுவ ஓயாவை மறித்து 1965இல் கட்டி முடித்த அணை இது. இங்கே தேங்கும் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. லக்ஷபான நீர்மின் திட்டத்தை முதலில் கனவு கண்ட பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். நீர்த்தேக்கம் ஒரே விரிப்பாகக் கிடக்காமல், மலை மடிப்புகளுக்குள் கிளை கிளையாகப் புகுந்து நிற்கிறது. ஒரு முனையைத் திரும்பினால் பின்னால் விட்டுவந்த இடம் மறைந்து வேறொரு குடா திறக்கும். படகுப் பயணத்துக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. தேயிலை மலை நீர் விளிம்பு வரை இறங்கி வருகிறது. கொழுந்து பறிக்கிறவர்கள் தலையில் மாட்டிய கூடையோடு நிற்பதை நீரிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது, தினமும் ரோட்டில் கண்ட அதே மலை எவ்வளவு செங்குத்து என்பது புரியும். டிக்கோயா பக்கம் 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் தண்ணீருக்கு மேலே நிற்கும். தோட்டத் துரைமார் இருந்த பங்களாக்கள் சில, இப்போது விலை கூடிய ஹோட்டல்களாகக் கரையில் இருக்கின்றன.

தீவில் இறங்குவது காசல்ரீயில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். திட்டை நெருங்கியதும் படகோட்டி என்ஜினை நிறுத்தி, அதைப் பின்பக்கமாகத் தூக்கி வைத்துவிட்டு, நீளமான கம்பு ஒன்றை எடுத்துத் தண்ணீருக்குள் குத்திக் குத்திப் பார்ப்பார். “அடியில பழைய மரக்கட்டை கெடக்குங்கண்ணே, கொஞ்சம் பொறுங்க” என்பார். அப்படிச் செய்கிறவரை நம்பி ஏறலாம். வேகமாகக் கொண்டுபோய் மூக்கைக் கரையில் இடிக்கிறவரோடு அடுத்த தடவை போகாதீர்கள். இறங்கும் இடம் வழுக்கும் செம்மண். சப்பாத்து ஆகாது, பிடிப்புள்ள செருப்புதான் சரி. மேலே ஏறினால் கொஞ்சம் மரம், கொஞ்சம் புல், மழை பெய்திருந்தால் அட்டை. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுத் திரும்பலாம். பெரிய அதிசயம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். சுற்றிலும் நீரும் தேயிலையும் நிற்க, நடுவில் நம் குடும்பம் மட்டும் இருப்பது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

மவுசாக்கலை காசல்ரீயைவிடப் பெரியது, திறந்து கிடப்பது. 1960களின் பிற்பகுதியில் மஸ்கெலியாவில் அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. கடை வீதி, கோயில், பள்ளிவாசல், பௌத்த விகாரை எல்லாம் அடியில் இருக்கின்றன. இன்றைக்கு நாம் பஸ்ஸில் இறங்கும் மஸ்கெலியா, அதற்குப் பிறகு மேட்டில் எழுந்த ஊர். கடும் வெயில் காலத்தில் தண்ணீர் வற்றும்போது அந்தப் பழைய கோயிலும் மற்றக் கட்டடங்களும் வெளியே தலைகாட்டும். அந்தச் செய்தி வந்தால் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் கிளம்பிப் போவார்கள். போய்க் கும்பிட்டு வருகிறவர்களும் உண்டு.

ஆகவே மவுசாக்கலைக்கு இரண்டு முகம். தண்ணீர் நிறைந்திருக்கும்போது போனால் தீவுகள், அவற்றுக்குப் பின்னால் நேர் எதிரே சிவனொளிபாதமலை. காலை 7 மணி வாக்கில் மேகம் ஏறும் முன் நீரின் நடுவில் நின்று அந்தக் கூம்பைப் பார்ப்பதற்கு ஈடாகக் காசல்ரீயில் ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வற்றிய காலத்தில் போனால் படகுக்கு வேலை குறைவு. பார்க்க வேண்டியது மூழ்கிய ஊர். அங்கே போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், சுவரில் ஏறிப் படம் எடுக்காதீர்கள், செங்கல்லை ஞாபகத்துக்கு என்று எடுத்து வராதீர்கள். இந்த மலைகளில் நம் தாத்தா பாட்டிமார் கட்டியதாகக் கண்ணால் காட்டுவதற்கு எஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். இது அவற்றில் ஒன்று, வருடத்தில் பெரும்பகுதி அதுவும் கண்ணில் படாது.

படகு விஷயத்தில் மவுசாக்கலை பின்தங்குகிறது. காசல்ரீ அளவுக்கு இங்கே சுற்றுலாப் படகு ஓடுவதில்லை. முன்கூட்டியே ஆள் பிடித்துப் பேசி வைக்காமல் போனால் ஏமாற்றம்தான். நீர்ப்பரப்பு அகலம் என்பதால் மதியத்துக்குப் பிறகு காற்று அலை கிளப்பும். சின்னப் பிள்ளைகளையும் முழங்கால் வலி உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் எனது தேர்வு காசல்ரீ. பெரியவர்கள் நாலைந்து பேர், விடியற்காலை எழும்பத் தயார் என்றால் மவுசாக்கலை. இரண்டும் ஒரே பஸ் பாதையில் இருப்பது வசதி: ஹட்டனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி போகும் பஸ் டிக்கோயா, நோர்வூட் வழியாகக் காசல்ரீயின் ஓரமாகத்தான் போகிறது. டிசெம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால் சனி, ஞாயிறில் அந்தப் பாதை நெரியும். வார நாளில் போங்கள்.

விக்டோரியா வேறு ஜாதி. மகாவலியை மறித்து 122 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய அணை, நாட்டிலேயே உயரமானது, 1985இல் திறந்தார்கள். கொள்ளளவு 72 கோடி கனமீட்டருக்கு மேல். ஆனால் நீர் நிற்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து 438 மீட்டர்தான். அதனால் குளிர் கிடையாது, தேயிலை மலை தண்ணீரைத் தொடாது. கரையில் தென்னையும் பற்றைக்காடும், தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர். இங்கேயும் ஓர் ஊர், பழைய தெல்தெனிய, மூழ்கியது. வறட்சியில் அதன் சுவர்கள் தெரியும். திகன பக்கத்தில் படகு கிடைக்கும், கண்டியிலிருந்து போய் வரச் சுலபம். தீவுகள் தூரம் தூரமாகக் கிடப்பதால் படகு ஓடும் நேரம் கூட, நின்று பார்க்கும் நேரம் குறைவு. தலைக்கு மேலே கூரை இல்லாத படகில் பதினொரு மணிக்கு மேல் வெயில் வாட்டிவிடும். கண்டிக்கு ஏதோ வேலையாக வந்து ஒரு மாலை நேரம் மிச்சமிருந்தால் போகலாம். தீவுக்காகவே லீவு போட்டுக் கிளம்புகிறவர்களை நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

மிச்சமிருப்பவை இரண்டு. கிரகரி வாவி, 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உண்டானது. அன்னப் படகில் மிதிக்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தீவுப் பயணம் என்ற கணக்கில் அது வராது. கண்டி வாவியை 1807இல் வெட்டுவித்தவர் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். அதன் நடுவில் இருக்கும் குட்டித் தீவு அழகுதான், கரையில் நடந்தபடியே பார்த்துவிடலாம்.

அப்புறம் படகு பேசும் விதம். ஆள் கணக்கில் பேசாதீர்கள், முழுப் படகுக்கும் மணிக் கணக்கில் பேசுங்கள். தீவில் நிற்கும் நேரமும் அதற்குள் அடக்கமா என்பதை ஏறும் முன் வாய்விட்டுக் கேளுங்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவில். இந்த நீர்த்தேக்கங்களின் கரை மெதுவாகச் சரியாது, இரண்டு எட்டு வைத்தால் ஆழம், அதோடு மலைத் தண்ணீரின் குளிர். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்கி உயிரை விட்டிருக்கிறார்கள். அதனால் தீவோரத்தில் குளிக்க இறங்குவது வேண்டாம், குடித்துவிட்டு வருகிற கூட்டத்தோடு ஒரே படகில் ஏறவும் வேண்டாம். என்ஜின் நின்றுபோனால் துடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடி மின்னல் வழக்கம். இரண்டு மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டை எந்தப் பாடு படுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். மழை பிடித்திருந்தால் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் முதல் நாள் இரவே ஹட்டனில் தங்கி, விடியற்காலையில் மவுசாக்கலை, ஒன்பது மணிக்கு மஸ்கெலியாவில் சாப்பாடு, பத்தரைக்குக் காசல்ரீயில் படகு என்று வைத்துக்கொள்ளலாம். பின்னேர ரயிலுக்கும் நேரம் இருக்கும்.