புகை டெஸ்டும் பழைய காரும்: மலைநாட்டில் எந்த வழிக்குக் காசு செலவழிப்பது?

வண்டியின் வருட லைசன்ஸ் எடுக்கும் மாதம் நெருங்கினால் பழைய கார் வைத்திருப்பவருக்கு வயிற்றில் புளி கரைக்கும். காப்புறுதிக்குப் பணத்தைக் கட்டினால் அட்டை கையில். பிரதேச செயலகத்து வரிசை நீளமென்றாலும் நின்றால் வேலை முடியும். லைசன்ஸுக்கு வேண்டிய புகைச் சான்றிதழ் மட்டும் நாம் நினைத்து வராது, வண்டி மனது வைக்க வேண்டும்.

என்னுடையது 1985ஆம் ஆண்டு டீ.எக்ஸ். வேகன். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் உள்ள வண்டி. ஜப்பானிலிருந்து வரும்போது இருந்திருக்கக்கூடிய, புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வர்ட்டர் என் கைக்கு வருமுன்பே போய், அந்த இடத்தில் வெறும் குழாய். 'இதை வித்துட்டு வேற ஒன்னு வாங்குங்களேன்' என்பார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகு வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பேசாமல் வீட்டுக்கு வந்து பழைய வண்டியைக் கழுவித் துடைத்தார்கள். நானும் அதில் ஒருவன்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் பக்கம் மெக்கானிக்குக்கும் பாஸ் என்றுதான் பெயர், டெஸ்டில் வண்டி சரியாக வந்தாலும் பாஸ்தான். குழப்பம் வேண்டாம்: இங்கே பாஸ் என்றால் ஆள், டெஸ்டுக்குத் 'தேறுவது' என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை தேறாமல் போனது நுவரெலியாவில். மூன்று நாள் முன்புதான் கண்டியில், புகை அளக்கும் மெஷின் வைத்திருந்த ஒரு கராஜில் டியூனப் செய்திருந்தேன். அங்கே மெஷினில் எண்கள் பச்சையாகத்தான் வந்தன. புசல்லாவ, இறம்பொடை வழியாக ஏறி வீட்டுக்கு வந்தேன், டெஸ்டுக்குப் போனேன், சீட்டில் சீ.ஓ. என்ற புகை எண் எகிறிக் கிடந்தது. கண்டிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவர் செய்ததில் தப்பே இல்லை.

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். இந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. கார்பரேட்டருக்கு அது தெரியாது. பெற்றோல் வரும் சின்னத் துளைச் சாமானான ஜெட்டின் ஓட்டை அதே ஓட்டை, பெற்றோல் கிட்டத்தட்ட அதே அளவு வருகிறது, கூட வரும் காற்றில்தான் சத்துக் குறைவு. கணக்குப் போட்டால் கண்டியில் சரியாக வைத்த கலவை இங்கே நூற்றுக்கு ஆறு ஏழு கூடுதல் பெற்றோலோடு எரியும். கொழும்பில் வைத்ததென்றால் ஒன்பது பத்து. ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு 13.4 பக்கம் இறங்கிவிடும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்த பெற்றோல்தான் சாதாரண தரத்தில் நாம் மனப்பாடம் செய்த காபனோரொட்சைட்டு. கராஜ் பாஷையில் சீ.ஓ.

ஆகவே எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன் கையிலுள்ள சீட்டைப் படிக்க வேண்டும். பெற்றோல் வண்டியை இரண்டு விதமாக அளக்கிறார்கள்: எக்ஸலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது ஒன்று, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து ஒன்று. ஒவ்வொன்றிலும் சீ.ஓ., எச்.சீ. என்று இரண்டு எண். எச்.சீ. என்பது எரியாமலே வெளியே போன பெற்றோல். சீ.ஓ. மட்டும் அதிகமா? கலவை கொழுப்பு, அதாவது பெற்றோல் கூட. எச்.சீ. மட்டும் அதிகமா? ப்ளக், பொயின்ட், டைமிங், எங்கோ காற்று இழுக்கும் குழாய், அல்லது ஒயில் எரியும் எஞ்சின். இரண்டும் சேர்ந்து எகிறினால் குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றை அடைக்கும் சோக்கையும் எயார் பில்டரையும் முதலில் பாருங்கள். இதைப் பார்க்காமல் செலவழிப்பது காய்ச்சலா கால்வலியா என்று தெரியாமல் மாத்திரை வாங்குவது மாதிரி.

போத்தல் வைத்தியம்

பெற்றோலில் கலக்கும் கிளீனர் போத்தல்களை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் மேசைக்கு மேலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். டாங்கியில் ஊற்று, நூறு கிலோமீற்றர் ஓடு, டெஸ்டுக்குப் போ. கார்பரேட்டருக்குப் பதிலாகப் பெற்றோலைப் பீச்சும் இஞ்செக்டர் உள்ள வண்டிக்கு, அழுக்கேறிய இஞ்செக்டருக்கு, நல்ல கிளீனர் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. கார்பரேட்டர் வண்டியில், உள்ளே நிற்கும் பெற்றோலின் அளவைப் பிடிக்கும் மிதவை மட்டத்தையோ ஜெட்டையோ எந்தப் போத்தலும் மாற்றாது. 95 ஒக்டேன் அடித்தால் தேறும் என்பதும் அப்படித்தான். ஒக்டேன் என்பது எஞ்சின் தட்டாமல் இருப்பதற்கு, புகைக்கு அல்ல.

தின்னர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சில நேரம் அது வேலை செய்துவிடுவதுதான் தொல்லை. மதுசார வகைத் தின்னருக்குள்ளேயே ஒட்சிசன் இருப்பதால் கலவை மெலிந்து சீ.ஓ. கொஞ்சம் இறங்கும். நாற்பது வருஷத்து ரப்பர் குழாயும் பம்ப் டயபிரமும் அதைத் தாங்காது. சான்றிதழ் கையில் வந்து ஒரு மாதத்தில் ரதெல்ல வளைவில் பெற்றோல் ஒழுக நிற்பதை விடத் தேறாமல் இருக்கலாம்.

ஊர் பாஸா, மெஷின் உள்ள கராஜா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

எங்கள் பாஸ் ஐம்பது வயதைத் தாண்டியவர். தோட்டத்து லொறிகளில் தொழில் பழகியவர். மெஷின் கிடையாது. எஞ்சின் சூடேறும்வரை பேசிக்கொண்டே இருப்பார், பிறகு கார்பரேட்டரின் கலவை ஸ்குரூவை மெல்ல உள்ளே திருப்பி, எஞ்சின் தடுமாறும் இடத்தில் நிறுத்தி, கால் சுற்று வெளியே எடுப்பார். 'அண்ணே, காதால கேட்டா போதும், அது சொல்லும்' என்பார். சும்மா ஓடும்போது உள்ள எண்ணை அவர் காது பெரும்பாலும் சரியாகவே கொண்டுவந்துவிடுகிறது. இந்த உயரத்திலேயே கேட்கிற காது என்பதுதான் கண்டி மெஷினை விட அவருக்குள்ள பலம்.

ஆனால் அந்த ஸ்குரூவின் அதிகாரம் சும்மா ஓடும் வேகத்தோடு முடிந்துவிடுகிறது. 2,500 சுற்றுக்குப் போனால் மெயின் ஜெட்டின் ராஜ்ஜியம். அங்கே காது ஏமாறும், கொழுத்த கலவையில் எஞ்சின் இன்னும் மிருதுவாகத்தான் கேட்கும். முதல் எண் சரி, இரண்டாவது எண் மோசம் என்று சீட்டு வந்தால் ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருப்பது நேர விரயம். எயார் பில்டர், மிதவை மட்டம், ஜெட் என்று உள்ளே இறங்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க மெஷின்தான் வேண்டும். குழாயில் கம்பியைச் செருகியதும் ஒட்சிசன் அளவு வரைக்கும் காட்டிவிடும். சைலன்சரில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று கலந்தாலும் அதில் தெரிந்துவிடும். ஆகவே ஓட்டைச் சைலன்சரோடு போனால் காற்றில் கரைந்து எண் குறையும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மெஷின் கராஜின் குறை, அது எங்கே இருக்கிறது என்பதில். கீழே உள்ள ஊரில் சரிசெய்து மேலே வந்தால் என் கதைதான். என் தீர்ப்பு: பில்டர், ப்ளக், பொயின்ட், மிதவை எல்லாம் ஊர் பாஸிடம். கடைசித் திருகல் மட்டும் மெஷினோடு, அதுவும் நீங்கள் டெஸ்ட் எடுக்கும் உயரத்தில். அப்படி ஒரு கராஜ் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் முதல் டெஸ்டையே மெஷினாக நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டை வாங்கிப் பாஸ் கையில் கொடுங்கள். காதும் சீட்டும் சேர்ந்தால் இரண்டாம் தடவை தேறிவிடும்.

இரண்டாம் வருடம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். ஜனவரிப் பனியில் காலை ஆறு மணிக்கு சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். சூடேறியதும் குமிழை உள்ளே தள்ளினேன், அது முழுக்க உள்ளே போனது. டெஸ்டில் இரண்டு எண்ணும் வானத்தில். பாஸ் பொனெட்டைத் திறந்து, பில்டர் மூடியைக் கழற்றி, விரலால் காட்டினார்: கேபிளின் உறைக்குள் துரு. வண்டிக்குள் குமிழ் உள்ளே போனாலும் கார்பரேட்டர் வாயில் தகடு கால்வாசி மூடியே நின்றது. ஒரு துளி ஒயில், இரண்டு தடவை முன்னும் பின்னும் இழுப்பு, 'டக்' என்று தகடு நிமிர்ந்தது. காசு வாங்கவில்லை. ஒரு பிளேன்டீயும் வடையும்.

மலையிறங்கிப் போய் டெஸ்ட் எடுப்பது

இங்கே கொழுத்த கலவையில் ஓடும் வண்டியைக் கம்பளைக்கோ கண்டிக்கோ இறக்கினால் காற்றுத் தடிக்கிறது, கலவை தானாக மெலிகிறது, சீ.ஓ. இறங்குகிறது. கள்ளத்தனம் இல்லை, பௌதிகம். மலையிறங்கி ஓடியதில் எஞ்சினும் நன்றாகச் சூடேறியிருக்கும். கன்வர்ட்டர் இன்னும் மிச்சமுள்ள வண்டிகளுக்கு இது பெரிய விஷயம், அந்தச் சாமான் 250, 300 பாகை சூடேறினால்தான் வேலையே தொடங்கும். குளிரில் வரிசையில் அரைமணி நேரம் எஞ்சினை நிறுத்தி வைத்தால் ஆறிவிடும்.

ஆனால் இந்த வழியை நான் இரண்டாந்தரமாகத்தான் வைப்பேன். சான்றிதழ் கிடைக்கும், வண்டி வீட்டுக்கு வந்ததும் பழையபடி கொழுத்த கலவையில்தான் ஓடும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். காட்டி வாரம் 20 லீட்டர் வாங்கிய நாட்களில்தான் எனக்கு அது உறைத்தது. அந்த 20 லீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றரை லீட்டர் ஒரு வேலையும் செய்யாமல் சைலன்சர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜெட் மாற்றுவது

வருஷம் முழுக்க நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை என்று மேலேயே ஓடுகிற வண்டிக்கு இதுதான் நிரந்தர மருந்து. மெயின் ஜெட்டை ஓரிரு அளவு சிறிதாக்கினால் 2,500 சுற்று எண் தானாக வழிக்கு வரும். கொழும்பில் பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் தேடினால் ஜெட் கிடைக்கும், விலையும் ஒரு செட் ப்ளக்கைத் தாண்டாது. எச்சரிக்கை ஒன்று: அந்த ஜெட்டோடு கொழும்புக்குப் போய் நெடுஞ்சாலையில் அழுத்தி ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும். மாதம் இரண்டு தடவை கீழே போகிறவர் இதைத் தொடவே வேண்டாம்.

எஞ்சினைப் பிரிப்பது

நீலப் புகை வந்தால், எச்.சீ. இறங்க மறுத்தால், வேறு வழியில்லை. ஆனால் பிரிப்பதற்கு முன் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று, அதாவது கொம்பிரஷன், பார்க்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டரும் சமமாக இருந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலம் வந்தால் அது வால்வ் சீலாக இருக்கலாம், ரிங் வேலை அளவுக்குப் போகத் தேவையில்லை. 'எப்படியும் பிரிக்கத்தானே போறோம், இஞ்செக்ஷன் எஞ்சினே போட்டுருவோம்' என்று ஆசை காட்டுவார்கள். நல்ல யோசனைதான், அந்த எஞ்சினின் கம்ப்யூட்டரும் சென்சர்களும் முழுசாக வந்தால் உயரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் மாற்ற வேண்டும். அந்த அலைச்சலையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டீசல் எனக்குக் கைவந்த விஷயமல்ல. மச்சானின் லைட்ஏஸ் லீக்ஸும் கரட்டும் ஏற்றித் தம்புள்ளைக்குப் போய் வருகிறது, அதைப் பார்த்துத் தெரிந்தது மட்டும்: டெஸ்டில் எக்ஸலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்துப் புகையின் கறுப்பை அளக்கிறார்கள். டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்குக் காற்று மெலிந்தது தெரியாது, பம்ப் அதே டீசலைத் தள்ளும், கறுத்துப்போகும். பில்டரை மாற்றியும் அடங்காவிட்டால் பம்ப் ரூமுக்குக் கொண்டுபோய் நொசிலைப் பார்த்து, டீசல் அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். குறைத்தால் இழுவை குறையும். மூட்டை ஏற்றுகிறவர் அதைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார். மச்சான் இன்னும் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

என் வேகனில் இப்போது கலவை ஸ்குரூவின் பக்கத்தில் இரண்டு புள்ளி இருக்கிறது. ஸ்குரூவின் வெட்டு வெள்ளைப் புள்ளிக்கு நேராக நின்றால் நுவரெலியா, சிவப்புக்கு நேராக நின்றால் கொழும்பு. போன டெஸ்டுக்குப் பிறகு பாஸ் வைத்துக் கொடுத்தது. வெள்ளை அவருடைய பெயின்ட் டின்னிலிருந்து. சிவப்பு என் மகளின் நகப்பூச்சு, கேட்காமல் எடுத்துப் போனேன், இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை.