செஃபோடாக்சிம் டிஸ்க்: முகத்துவாரத் தண்ணீருக்குச் சரிவருமா?

பழையாறு, பூம்புகார், காரைக்கால் முகத்துவாரங்களில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலையைத் தேடும் கல்லூரி ஆய்வகங்கள், செஃபோடாக்சிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றிய இந்த 30 மைக்ரோகிராம் காகித டிஸ்கைத் தாராளமாக வாங்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 டிரைசைக்கிள் நெறிமுறை (மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றையும் சேர்த்துக் கண்காணிக்கும் முறை) குறியாக வைத்திருப்பதும் செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் இ.எஸ்.பி.எல். நொதி சுரக்கும் ஈ.கோலையைத்தான்.

டிஸ்கில் குறையில்லை. ஏடிசிசி 25922 என்ற தரப்படுத்திய ஈ.கோலையோடு சோதித்தால், டிஸ்கைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிந்த வட்டம் 29 முதல் 35 மி.மீ.க்குள் நிற்கிறது. கெடுவதெல்லாம் ஈரத்தால். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் நம் கடலோரக் காற்று உள்ளே முத்துமுத்தாக வேர்த்துவிடும். ஈரம் பட்ட செஃபோடாக்சிம் சிதையும், வட்டம் சுருங்கும், சாதாரண பாக்டீரியாவும் எதிர்ப்புள்ளதாகத் தெரியும். குப்பியை ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மற்றது ஃப்ரீசரில், சிலிக்கா ஜெல்லோடு.

தண்ணீரை நேரே தட்டில் பூசி டிஸ்க் வைப்பது வீண் வேலை. ஏகப்பட்ட இனங்கள் கலந்து வளரும், அந்த வட்டத்துக்குப் பொருளே இல்லை. கடல்நீர் ஏறும்போது மாதிரி நீர்த்துப்போகும் என்பதால் வற்றத்தில் எடுத்து, ஐஸில் கொண்டுவந்து, வடிகட்டி, மில்லிக்கு 4 மைக்ரோகிராம் செஃபோடாக்சிம் கலந்த மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்க வேண்டும். இளஞ்சிவப்புத் திட்டுகளைத் தனித்தனியே பிரித்து, ஈ.கோலைதானா என்று இன்டோல் சோதனையும் செய்த பிறகே டிஸ்க்.

பிரித்த பாக்டீரியாவைக் கரைத்த உப்புக்கரைசலில் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலின் தர அளவு) கலங்கல் இருக்க வேண்டும். கூடினால் வட்டம் சிறுக்கும். அதைப் பூசி டிஸ்க் வைக்கும் முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. கனம், 90 மி.மீ. தட்டுக்கு ஏறக்குறைய 25 மில்லி. சிக்கனம் பார்த்து 15 மில்லியோடு நிறுத்தினால் வட்டம் பெருத்து, எதிர்ப்புள்ள பாக்டீரியா நல்லதாகத் தப்பிவிடும். இந்தத் தவறுதான் ஆபத்தானது. 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் கழித்து அளந்தால் 22 மி.மீ.யும் அதற்குக் கீழும் எதிர்ப்பு, 26ம் அதற்கு மேலும் மருந்து கேட்கும்.

இ.எஸ்.பி.எல். நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த செஃபோடாக்சிம் டிஸ்கையும் கூடவே வாங்குங்கள். வெறும் செஃபோடாக்சிம் டிஸ்கின் வட்டத்தைவிட அதன் வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் இ.எஸ்.பி.எல். உறுதி. ஐஸ் பேக் இல்லாமல் பார்சல் வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பிவிடுங்கள்.