ஷூ டப்பா, துணிப்பை, மொத்தக் கட்டு, பணம்: அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு எதை அனுப்புவது?

கப்பலில் போன பரிசுப்பெட்டிகள் துறைமுகக் கிடங்கில் முடங்கிக் கிடக்க ஒரு காரணம், எடுக்க வேண்டியவர் கையில் எடுப்பதற்குக் காசு இல்லாதது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பள்ளிகளும் கோயில், தேவாலயக் குழுக்களும் பிள்ளைகளுக்கு ஆசையாகப் பெட்டி கட்டுகிறார்கள். அது போய் இறங்கும் ஊரில் என்ன செலவு விழும் என்று யாரும் விசாரிப்பதில்லை. எந்த வழி சரி என்பதை அந்தச் செலவுதான் தீர்மானிக்கும். இலங்கை மலையகத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நூறு பிள்ளைகளுக்கு அனுப்புவதாக வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்ப்போம். ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கூலி கூடும். கணக்குப் போடும் முறை இதேதான்.

ஷூ டப்பா

இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது அமெரிக்காவின் சமாரிட்டன்ஸ் பர்ஸ் அமைப்பு. 'ஆபரேஷன் கிறிஸ்மஸ் சைல்ட்' என்ற பெயரில் 1993 முதல் நடத்துகிறார்கள். கன்டெய்னர் கன்டெய்னராகச் சேர்த்து ஏற்றுகிறார்கள், இறங்கும் நாட்டில் வாங்கிப் பிரித்துக் கொடுக்கவும் ஆள் வைத்திருக்கிறார்கள். நூறு டப்பா அனுப்பும் ஊர்க் குழுவுக்கு இந்த இரண்டும் கிடையாது.

பெரியவர் ஷூ டப்பா ஏறத்தாழ 33 × 20 × 12 செ.மீ. இருக்கும். ஏ4 நோட்டின் அகலம் 21 செ.மீ., அதனால் படுக்கை வசமாக உள்ளே போகாது. திணித்தால் முனை மடங்கும், மூடி தூக்கிக்கொள்ளும், மேலே அடுக்கும் டப்பா சாயும். சின்ன சைஸ் நோட்டுதான் சரிப்படும். இன்னொரு தொல்லை, கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் டப்பாக்கள் ஆளுக்கொரு அளவில் இருப்பது. ஜூன் மாதம் பள்ளி ஷூ விற்பனையில் மிஞ்சுபவை பெரும்பாலும் சிறியவை. அளவு கலந்தால் வெளிப்பெட்டிக்குள் இடைவெளி விழும், பயணத்தில் மெலிந்த அட்டை நசுங்கும்.

ஒரே அளவு டப்பா பன்னிரண்டை, தளத்துக்கு நான்காக மூன்று தளம் அடுக்கினால் 68 × 42 × 38 செ.மீ. வெளிப்பெட்டி வேண்டும். டப்பா ஒன்று 1.2 கிலோ என்றால் மொத்தம் 15.4 கிலோதான் வரும். ஆனால் விமானக் கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்ப்பார்கள். எது அதிகமோ அதற்குத்தான் பில். இங்கே 21.7 கிலோ வருகிறது. ஆக, ஆறு கிலோ காற்றுக்குக் காசு கட்டுகிறீர்கள்.

டப்பாவுக்கென்று ஓர் அருமை உண்டு, அதை மறுக்கவில்லை. பிள்ளை தன் பெயருக்கு வந்த மூடியைத் தானே திறக்கிறது, பிறகு அதிலேயே தன் பொருட்களை வைத்துக்கொள்கிறது. அதற்காகவே டப்பாதான் வேண்டும் என்றால், ஓசூரில் அட்டைப்பெட்டி செய்பவர்களிடம் ஒரே அளவில் வெட்டச் சொல்லி வாங்குங்கள்.

துணிப்பை

எங்கள் முதல் தேர்வு இதுதான். நாடா வைத்துச் சுருக்கும் பருத்திப் பையில் அதே பொருட்கள் சுமார் 5 லிட்டர் இடத்தில் அடங்கும், எடை 1.1 கிலோ. 60 × 40 × 40 செ.மீ. வெளிப்பெட்டியில் 16 பை வைக்கலாம். பெட்டி எடையோடு 18.8 கிலோ, கூரியர்க் கணக்கில் 19.2 கிலோ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவதால் வீண் செலவு இல்லை. பிள்ளை ஒன்றுக்கு ஷூ டப்பா 1.8 கிலோவுக்குக் கூலி கேட்கும் இடத்தில் பை 1.2 கிலோவோடு முடிகிறது. அழுத்தினால் 18 பைகூடப் போகும், ஆனால் 20 கிலோவைத் தாண்டிவிடும். பெரும்பாலான நாடுகளுக்கு அஞ்சல் பார்சலின் உச்ச எடை அதுதான்.

தையல்காரரிடம் சொல்ல வேண்டிய கணக்கு: 112 செ.மீ. அகலத் துணியில் 90 செ.மீ. வெட்டினால் மூன்று பை. அகலத்தை 35 செ.மீ. வீதம் மூன்று பட்டையாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் அடித்தையல் தேவைப்படாது. பக்கங்களைத் தைத்து, வாயில் இருபுறமும் 5 செ.மீ. மடித்து நாடா ஓடும் குழல் விட்டால் 40 செ.மீ. உயரப் பை வரும். நாடா 80 செ.மீ. போதும், நீளமாக விட்டால் சின்னப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். கோரா துணி (வெளுக்காத பருத்தித் துணி) தண்ணீர் பட்டால் சுருங்கும் என்பதால் நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். பக்கத்தையல் அடியில் முடியும் இரு மூலைகளிலும் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள், பிய்வது அங்கேதான்.

பையின் பலவீனம், உள்ளே இருப்பது ஒன்றையொன்று இடிப்பது. எவர்சில்வர் டம்ளர் உருண்டு கலர் பென்சில் முனையை உடைக்கும். நோட்டுகளை முதுகுப் பக்கம் நிறுத்தி, துண்டில் டம்ளரைச் சுற்றி, டம்ளருக்குள்ளேயே ரப்பர், பென்சில் துருவி, சீப்பு போட்டுவிட்டால் இடமும் மிச்சம், சத்தமும் இல்லை.

மொத்தக் கட்டு

ஒரு பெட்டியில் நோட்டு மட்டும், இன்னொன்றில் துண்டு மட்டும் என்று அனுப்பி, அங்கே பிரித்துப் பையில் போடுவது. சுங்கத்துக்கு இதைவிட எளிதான சரக்கு இல்லை. பேக்கிங் லிஸ்டில் பெட்டிக்கு ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஆளாளுக்கு ஆசைப்பட்டதை நிரப்பிய டப்பாக்களுக்கு நூறு விதப் பட்டியல் எழுத வேண்டும், பட்டியலும் பொருளும் ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். (பையோ டப்பாவோ, எல்லாவற்றிலும் ஒரே பொருள், ஒரே எண்ணிக்கை வைத்தாலே இந்தத் தலைவலி பாதி குறையும்.) ஆனால் அங்கே பிரித்துக் கட்ட ஆளும் இடமும் வேண்டும். பள்ளி ஆசிரியர் இரண்டு பேர் தலையில் இந்த வேலையை ஏற்றுவது முறையல்ல.

கடல் வழியில் இன்னொன்று கவனிக்க வேண்டும். கன்டெய்னரில் பங்கு இடம் எடுக்கும்போது வழக்கமாகக் குறைந்தபட்சக் கூலி ஒரு கன மீட்டருக்கு. ஷூ டப்பா என்றால் அதில் 108 பிள்ளைகளுக்கு இடம், பை என்றால் 160. நூறு பிள்ளைகளுக்கு எப்படிக் கட்டினாலும் ஒரே கூலிதான். முந்நூறு பேர் என்று வரும்போதுதான் மொத்தக் கட்டின் லாபம் தெரியும்.

கூலியைவிடப் பெரியது இறங்குமிடச் செலவு. டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்க அனுமதிக்கும் சீட்டு), கிடங்கு, கையாளும் கட்டணம் எல்லாம் வாங்குபவர் கணக்கில் விழும். சென்னையிலிருந்து கொழும்பு போன்ற கிட்டத்துப் பயணத்தில் இது கப்பல் கூலியையே மிஞ்சலாம். இலவச நாட்கள் முடிந்தால் கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும். மாங்கூழ் ஏற்றுமதியால் கிருஷ்ணகிரிச் சரக்கைக் கையாண்டு பழகிய கிளியரிங் ஏஜென்ட்கள் (சுங்க வேலையை முடித்துத் தரும் முகவர்கள்) சென்னையில் உண்டு. அவர்களிடம் இறங்குமிடச் செலவையும் சேர்த்து எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை நீங்களே கட்டுங்கள். தீர்வைச் சலுகைக் கடிதத்தை அங்குள்ள பள்ளியோ தொண்டு நிறுவனமோ சரக்கு கிளம்பும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் ஷிப்பிங் பில்லுக்கு (சுங்கத்தில் தரும் ஏற்றுமதிப் படிவம்) ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி-இறக்குமதியாளர் எண் தேவைப்படும், விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய்.

பணம்

நோட்டு, சோப்பு, துண்டு எல்லாம் கண்டியிலும் அட்டனிலும் கடையில் கிடைக்கிறது. பணம் அனுப்பினால் கூலி இல்லை, சுங்கம் இல்லை, அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம். பிள்ளையின் கால் அளவு பார்த்துச் செருப்பு வாங்க இதைவிட நல்ல வழி கிடையாது. தனிநபர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் வங்கி வழியே நன்கொடை அனுப்பலாம். பான் எண் வேண்டும். இடை வங்கிகள் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும், அதனால் சில்லறையாக அனுப்பாமல் சேர்த்து ஒரே தடவையாக அனுப்புங்கள். அறக்கட்டளைப் பெயரில் அனுப்பும் முன் ஆடிட்டரைக் கேட்டே ஆக வேண்டும். இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லாதபோது பொதுவாக அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது.

ஐம்பது பிள்ளைகளுக்குக் கீழே என்றால் பணமே மேல். நம் பிள்ளைகள் கையால் செய்த வாழ்த்து அட்டை, பின்னல் குல்லாய் போன்றவற்றை மட்டும் ஒரு சின்னப் பார்சலாகப் போடலாம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேன்கனிக்கோட்டையின் மார்கழிக் குளிர் தெரிந்தவர்களுக்குக் குல்லாயின் அருமை தெரியும்.

எதை விட்டுவிட வேண்டும்

கடலை மிட்டாய், ராகி சத்துமாவு, மாம்பழ பார் என்று நம் ஊர்ப் பொருளை வைக்கத்தான் மனம் வரும். உணவுக்குத் தனிச் சான்று கேட்பார்கள், வண்டும் வைக்கும். சமாரிட்டன்ஸ் பர்ஸே மிட்டாயையும் பற்பசையையும் 2017 முதல் நிறுத்திவிட்டது. பிரஷ் மட்டும் வையுங்கள். பேட்டரி பொம்மை வேண்டாம். பட்டன் செல்லைப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, லித்தியம் என்றால் விமானத்தில் கட்டுப்பாடும் உண்டு. இலங்கை அரசு பாடநூலும் வெள்ளைச் சீருடைத் துணியும் இலவசமாகத் தருகிறது. நம் ஊர்ச் சீருடை அங்கே உதவாது. பழைய துணிக்குப் பல நாடுகளில் பூச்சி சாகப் புகையூட்டியதற்கான சான்று கேட்பதால் புதியது மட்டும் போகட்டும். பந்து வைத்தால் காற்றை இறக்கி, கைப்பம்பையும் ஊசியையும் சேர்த்து வையுங்கள். ஊசியை மறந்த பந்து அங்கே தட்டையாகவே கிடக்கும். சோப்பைத் தனியாக ஜிப் கவரில் போடாவிட்டால் நோட்டு முழுக்க அந்த வாசம் ஏறும்.

வெளிப்பெட்டி

ஐந்து ப்ளை (ஐந்து அடுக்கு) அட்டை, புதியது. மாம்பழம் வந்த பெட்டியும் வைக்கோலும் கூடவே கூடாது. பால் கறையும் பூச்சியும் ஒட்டியிருக்கும், தாவரக் கழிவைப் பார்த்தால், பூச்சியும் நோயும் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் ஆய்வாளர் சரக்கை நிறுத்திவிடுவார். உள்ளே பாலிதீன் உறை, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. கன்டெய்னருக்குள் இரவில் குளிர்ந்து மேல் தகட்டிலிருந்து நீர் சொட்டும், முதலில் நனைவது மேலடுக்குதான். அதனால் நோட்டுப் பெட்டிகளை அடியில் வைக்கச் சொல்லுங்கள். மரப் பேலட் போட்டால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான ஐ.எஸ்.பி.எம்.-15 (மரப் பொதிகளில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை இருக்க வேண்டும். மேலும் கீழும் நடு இணைப்போடு இரு ஓரங்களையும் சேர்த்து டேப் ஒட்டுங்கள். 1/7, 2/7 என்று எண்ணை இரண்டு பக்கமும் எழுதுங்கள். இன்வாய்ஸில் 'விற்பனைக்கு அல்ல' என்று போட்டாலும் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதக் கூடாது, வாங்கிய விலையை எழுதுங்கள்.

இலங்கையில் கல்வியாண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும். கடல் வழி என்றால் அக்டோபர் கடைசிக்குள் சரக்கு சென்னைக்குப் போய்விட வேண்டும். ஐப்பசி மழையில் லாரி ஏற்றும்போது தார்ப்பாய் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள்.